மாமா மேஸைக் கழற்றிய ஞாயிறு

போன ஞாயிற்றுக்கிழமை நமுனுகுலப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பஸ் மெயின் ரோட்டோடு இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஏற்றம். கல்லும் சேறுமாகக் கிடக்கிற ரோடு. முதல் நாள் மழை வேறு.

முன்னால் என் மாமனார் போகிறார். பின்னால் நான்.

ஒரு வளைவில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"என்ன தாயி, இப்பிடி மூச்சு வாங்குது? செத்த ஒக்காந்துட்டு வர்றியா?"

எழுபது தாண்டிய மனிதர் கேட்கிறார்... என்னிடம்! கோபம் வந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூச்சு வாங்கியதால் அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. கையை மட்டும் ஆட்டினேன். "நீங்க போங்க மாமா, நான் வர்றேன்."

ஏன் கண் கலங்கியது? அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

என் மாமனார் பழைய கணக்கப்பிள்ளை. தோட்டத்தில் பிறக்காத வாசகர்களுக்காக ஒரு வரி: மலையில் ஆட்களைப் பிரித்து அனுப்பி, வேலை வாங்குகிற உத்தியோகம். விறைப்பான ஆள். அத்தை காலமான பிறகு பதுளை டவுனில் எங்களோடுதான் இருக்கிறார். என் வீட்டுக்காரருக்கு ஹட்டனில் வேலை, லீவுக்குத்தான் வருவார். அதனால் வீட்டில் பெரும்பாலும் மாமாவும் நானும்தான்.

உத்தியோகத்தை விட்டாலும் மாமா இரண்டு விஷயங்களை விடவில்லை. ஒன்று அதிகாரக் குரல். மற்றது சப்பாத்து. முக்குக் கடைக்குப் பேப்பர் வாங்கப் போனாலும் சரி, கறுப்புச் சப்பாத்து, உள்ளே முழங்கால் வரைக்கும் இழுத்துவிட்ட மேஸ். சொக்ஸ் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. மேஸ்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் வீட்டுக்குள்ளேயும் மேஸ் போட ஆரம்பித்தார்.

"என்ன மாமா, வீட்டுக்குள்ளயுமா?"

"குளிருது தாயி."

பதுளையில் அவ்வளவு குளிரா? நுவரெலியா என்றாலும் பரவாயில்லை. சரி, வயசான உடம்பு, குளிரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து, சாம்பிராணி. காலையிலும் மாலையிலும் அவர் அறையில் புகை. வெள்ளிக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டிருந்தவர் தினமும் போட ஆரம்பித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். "மாமாவுக்குப் பக்தி கூடிருச்சு" என்று பக்கத்து வீட்டில்கூடப் போய்ச் சொன்னேன். பக்தி கூடிய மனுஷன் கோயிலுக்குப் போவதை ஏன் நிறுத்தினார்? சாயங்கால நடையை ஏன் விட்டார்? எனக்குத் தோன்றவே இல்லை. வாராவாரம் ஊர் உலகத்தை உற்றுப் பார்த்து எழுதுகிற ஆள் நான்... பக்கத்து அறையைப் பார்க்கவில்லை, பாருங்கள்!

அப்போதுதான் சுப்பையா சித்தப்பா போன் பண்ணினார்.

சுப்பையா சித்தப்பா மாமாவோடு ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர். ஃபெக்டரியில் மெஷின் பார்த்தவர். மாமாவை "அண்ணே" என்பார். என் வீட்டுக்காரர் அவரைச் சித்தப்பா என்பார், நானும் அப்படியே. இன்னும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறார். மாமாவுக்கும் இருக்கிற அதே சீனி வியாதியில் ஒரு கால் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"ம்மா, அண்ணன் பக்கத்துல இருக்காரா?"

"இல்ல சித்தப்பா, ரூம்ல இருக்காரு. கூப்பிடவா?"

"வேணாம் வேணாம். ஒங்கிட்டதான் பேசணும்." குரலைத் தணித்துக்கொண்டார். "நேத்து அண்ணன் போன் பண்ணுச்சு. மழை, வெயில்னு என்னென்னமோ பேசிட்டு, கடைசியில ஒண்ணு கேட்டுச்சும்மா. 'ஏன்டா சுப்பையா, ஒன் காலு ஆரம்பத்துல எப்பிடி நாத்தம் அடிச்சிச்சு'ன்னு..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சும்மா கேக்குறேன்னுதான் சொன்னுச்சு. யாராச்சும் சும்மா கேப்பாங்களாம்மா அப்பிடி? எனக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல."

குளிராத ஊரில் மேஸ். கோயிலுக்குப் போகாத பக்தி. சாம்பிராணி எதற்கு என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது.

போனை வைத்துவிட்டு நேரே மாமாவின் அறைக்குப் போனேன். "மாமா, காலக் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மா பாக்குறேன்."

"காலப் பாக்குறதுக்கு நீ என்ன டாக்டரா? போ, போயி வேலையப் பாரு." கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம். முரட்டுத்தனமாக இழுத்துப் பார்க்க முடியுமா? மாமனாராயிற்றே. என் வீட்டுக்காரர் போனில் கெஞ்சினார். "எனக்கு ஒண்ணுமில்லடா" என்று அவருக்கும் அதே பதில்.

மறுபடி சித்தப்பாவுக்கே போன் பண்ணினேன். அவர்தான் வழி சொன்னார்.

அவர் தோட்டத்தில் மாசத்துக்கு ஒரு ஞாயிறு கால் கிளினிக் நடக்கிறது. பதுளையிலிருந்து ஒரு நர்ஸும் ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். வயசானவர்களின் காலைப் பார்ப்பது, நகம் வெட்டிவிடுவது, புண் இருந்தால் கழுவிக் கட்டுவது, விழாமல் நடக்கப் பழக்குவது — இதுதான் வேலை.

"நான் அண்ணனுக்குப் பேசுறேன்" என்றார் சித்தப்பா. "நீ கூட்டிட்டு மட்டும் வந்துரு."

என்ன பேசினார் தெரியுமா? "அண்ணே, இங்க ஒரு கிளினிக் நடக்குது. நர்ஸம்மா கரடியா கத்துது, ஒருத்தரும் காலக் காட்ட மாட்டேங்குறாங்க. பழைய கணக்கப்புள்ள வந்து ஒரு சத்தம் போட்டா எல்லாரும் கேப்பாங்க. கொஞ்சம் வர்றீங்களா?"

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது! கிளினிக் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டு, சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுத் தயார். மேலே வரைக்கும் திரிவீல் ஆட்டோ பிடித்தேன். ஏன் பஸ் இல்லை என்று அவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கிளினிக் நடந்தது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகிற அம்மாக்கள் குழந்தைகளை விட்டுப்போகிற இடம். ஞாயிறு என்பதால் பிள்ளைகள் இல்லை. சுவரில் ஆனாவுக்கு அணிலும் ஆவன்னாவுக்கு ஆடும். கீழே குட்டிக் குட்டி நாற்காலிகள். அவற்றில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருக்கிற தாத்தாக்களும் பாட்டிகளும். நடுவில் தண்ணீர் பேசின்கள். ஆட்கள் வந்திருந்தார்கள்தான். ஆனால் எல்லோரும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வெட்கம்! வேறென்ன? ஆயுசு முழுக்க மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கிய கால்கள். வெடிப்பும் வளைந்த நகமுமாய் இருக்கிற காலை, படித்த பிள்ளையின் மடியில் தூக்கி வைப்பதா?

நர்ஸ் பெயர் கௌசல்யா. பசறைப் பக்கத்துப் பெண். தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் வளர்ந்து படித்து வந்தவள். தரையில் பாய் போட்டு உட்கார்ந்து, "வாங்கம்மா, வாங்கய்யா" என்று அழைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் அசையவில்லை.

மாமா உள்ளே நுழைந்தார். ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கிற பழைய பெரட்டுக்களம் திரும்பி வந்துவிட்டது!

"என்ன எல்லாரும் கல்லு மாதிரி ஒக்காந்திருக்கீங்க? செருப்பக் கழட்டுங்க! காலக் கழுவுங்க! வரிசையா வாங்க! நர்ஸம்மா என்ன ஒங்களக் கடிச்சா திங்கப்போகுது?"

நம்பமாட்டீர்கள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மாமா பேசினுக்குப் பேசின் நடந்து உத்தரவு போட்டார். "ஏய் வீரையா, அந்த விரல் இடுக்குல தொட." கௌசல்யா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பதற்றம்தான். இவர் இப்படியே சத்தம் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டால்?

பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா. கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மாமாவிடம் ஒரு காலத்தில் நிறையத் திட்டு வாங்கியிருப்பார் போல. காலை நர்ஸ் மடியில் வைத்துக்கொண்டு, நிமிர்ந்து மாமாவைக் கீழிருந்து மேல் வரைக்கும் பார்த்தார்.

"ஏங்கய்யா... எங்க எல்லாரையும் கழட்டச் சொன்னீங்க. நீங்க மட்டும் சப்பாத்தோட நிக்கிறீங்களே?"

சிரிப்பு ஒன்று கிளம்பி அப்படியே அடங்கியது. எல்லோரும் மாமாவின் காலைப் பார்த்தார்கள்.

"எனக்கு என்ன? எனக்கு ஒண்ணுமில்ல."

"அதத்தான் நாங்களும் சொன்னோம்" என்றார் பேச்சியம்மாள்.

மாமா வாசலைப் பார்த்தார். வாசலில் சுப்பையா சித்தப்பா நின்றுகொண்டிருந்தார், கதவை மறைத்துக்கொண்டு. மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்புறம்... மெதுவாக ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். சப்பாத்தைக் கழற்றினார். மேஸை உருட்டி இறக்கினார்.

வலது பாதத்தைச் சுற்றிப் பழைய வேட்டிக் கிழிசல். அதைப் பிரித்ததும் வாடை அறை முழுக்கப் பரவியது. பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில், குழிப்புண். சுற்றி வெளுத்துப்போன தோல்.

ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை. அதை நான் மறக்கமாட்டேன்.

கௌசல்யா அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கழுவினாள், துடைத்தாள், கட்டினாள். பிறகு பேனா போல ஒன்றை எடுத்தாள். நுனியில் மீன் பிடிக்கிற நூல் மாதிரி ஒரு நைலான் இழை.

"ஐயா, கண்ண மூடிக்குங்க. இது கால்ல படும்போதெல்லாம் 'ஆமா'ன்னு சொல்லுங்க."

மாமா கண்ணை மூடினார். அவள் இழையை வைத்து அழுத்தினாள். விரல் நுனி, பாதத்தின் நடு, குதிகால்... இழை வளைகிற அளவுக்கு அழுத்தினாள். மாமா பேசாமல் இருந்தார். மற்றக் காலையும் பார்த்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாமாவைத் தவிர.

கொஞ்ச நேரம் கழித்து மாமா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஆரம்பிங்க மிஸ். எம்புட்டு நேரம் இப்பிடி ஒக்காந்திருக்கிறது?"

கௌசல்யா இழையைக் கீழே வைத்தாள். "முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றாள், மெதுவாக.

கண்ணைத் திறந்தவரின் முகத்தை நான் எப்படி எழுதுவேன்? தன் பாதம் தன்னிடம் இல்லை என்று ஒரு மனிதர் தெரிந்துகொள்கிற முகம்.

அவள் அடுத்து வலது சப்பாத்தை எடுத்து உள்ளே கையை விட்டாள். தடவிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். சுருக்கென்றது! அடித்தோலைத் தாண்டி உள்ளே தலைநீட்டிய ஓர் ஆணி முனை. குதிகாலில் அல்ல, சரியாகப் புண் இருந்த இடத்தில். இத்தனை நாளும் அதன் மேல்தான் நடந்திருக்கிறார். காலையிலிருந்து அதன் மேல் நின்றுதான் உத்தரவு போட்டிருக்கிறார்.

"சீனி கூடினா நரம்பு செத்துப்போகுங்கய்யா. வலி தெரியாது. வலி தெரிஞ்சிருந்தா நீங்க அன்னைக்கே கழட்டியிருப்பீங்க." பிறகு என்னிடம் திரும்பினாள். "அக்கா, நாளைக்கு இல்ல. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

அதுவரை சொன்னபடி கேட்ட மாமா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"மாட்டேன். போனா வெட்டிருவாங்க. சுப்பையாவுக்கு என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியாதா? சின்னப் புண்ணுன்னு போனான். கால விட்டுட்டு வந்தான். நான் இருக்கிற கொஞ்ச நாளும் முழு ஆளா இருந்துட்டுப் போறேன்."

இதுதானா? இந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாரா?

சித்தப்பா வாசலை விட்டு உள்ளே வந்தார். மாமாவுக்கு முன்னால் நின்றார். பேச வாயைத் திறந்தவர் முதலில் அழுதுவிட்டார்.

"அண்ணே... நான் சின்னப் புண்ணோட போகல. அது பொய்."

மாமா அவரையே பார்த்தார்.

"வெரலு கறுத்து, நெறி கட்டி, காய்ச்சல்ல நெனவு தப்புற வரைக்கும் வீட்டுலயே கெடந்தேன். எலையரச்சுப் போட்டேன், சுண்ணாம்பு போட்டேன், எவன் எவன் என்ன சொன்னானோ அதெல்லாம் போட்டேன். பயலுக தூக்கிட்டுப் போகும்போது டாக்டரு தலையில அடிச்சுக்கிட்டாரு. நானே என் காலக் கெடுத்துக்கிட்டேன்னு ஊருல சொல்ல வெக்கமா இருந்துச்சுண்ணே. அதான் ஆஸ்பத்திரி மேல போட்டுட்டேன். நான் சொன்ன பொய்யில ஒங்க காலும் போயிருமோன்னுதான்..."



மாமா திட்டுவார் என்று நினைத்தேன். சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டார், பிடிப்புக்கா ஆறுதலுக்கா என்று தெரியவில்லை. "திரிவீலக் கூப்பிடு தாயி" என்றார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் காத்திருந்தோம். வீல் செயாரில் அவர். பக்கத்து பெஞ்சில் நான். முடிவு வரும்வரை பேச என்ன இருக்கிறது? அவர்தான் ஆரம்பித்தார்.

"கால் கிளினிக்குக்குச் சத்தம் போட ஆள் வேணும்னு அவன் கூப்பிட்டப்பவே எனக்குத் தெரியும்."

"என்ன மாமா தெரியும்?"

"நீங்க ரெண்டு பேரும் சேந்து ஏதோ செய்றீங்கன்னு." கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார். "யாராச்சும் புடிச்சு இழுத்துட்டுப் போயிர மாட்டாங்களான்னு இருந்துச்சு தாயி. நானா போக தைரியமில்ல. அதான் அவங்கிட்ட போன்ல அந்த நாத்தத்தப் பத்திக் கேட்டேன்."

கதவைத் தாழ்போட்டுக்கொண்டே யாராவது தட்ட மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறார். வயசானவர்கள் "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லும்போது இனிமேல் நான் ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்பது என்று அந்த பெஞ்சில்தான் முடிவு செய்தேன்.

டாக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"எலும்புக்குப் போகேல்லை ஐயா. இரத்த ஓட்டமும் பரவாயில்லை. நல்ல நேரத்துக்கு வந்திட்டியள்."

மாமாவுக்கு அது காதில் விழவில்லை. அவர் கேட்க நினைத்ததைக் கேட்டார். "எது வரைக்கும் வெட்டணுங்க டாக்டர்?"

டாக்டர் அவருடைய பாதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னத்தை வெட்டுறது? வேணுமெண்டால் இந்த நகத்தை வெட்டிவிடுறன். மாடு உழுத மாதிரிக் கிடக்கு!"

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டு குலுங்கியது. நானும் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். வாட்டில் கொஞ்ச நாள் ஊசி. வீட்டுக்கு வந்த பிறகு, கௌசல்யா வந்து போட்டுவிடுகிற டிரெசிங். புண் இருக்கிற இடத்தில் பாரம் விழக்கூடாது என்று முன்பக்கம் தூக்கலான ஒரு விசித்திரச் செருப்பு கொடுத்தார்கள். கூடவே பிடித்து நடக்க ஒரு வோக்கர். புண்ணைவிட அதுதான் மாமாவுக்கு வலித்தது. "இதத் தள்ளிக்கிட்டு ரோட்டுல போறதா? நானா?" என்று அதை ஒரு மூலையில் வைத்து மேலே துவாய் காயப்போட்டார். கிளினிக்குக்கு வருகிற பிசியோதெரபிஸ்ட் பையன் வீட்டுக்கு வந்து துவாயை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "சரி, வாங்கய்யா, கதிரைல இருந்து கை ஊனாம எந்திரிங்க பாப்போம்" என்பான். மாமா முறைப்பார். எழ முடியாது. மறுபடி முறைப்பார். ஆனால் நான் அடுப்படியில் இருக்கும்போது, தனியாக எழுந்து எழுந்து உட்காருகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

கால்புண் மெதுவாகத்தான் ஆறுகிறது. ஒரு வாரம் சிறுத்தது போல இருக்கும், அடுத்த வாரம் அப்படியே நிற்கும். எத்தனை தடவை டிரெசிங்கைப் பிரிக்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது! ஒரு நாள் பிரித்த கௌசல்யா பஞ்சை என் பக்கம் நீட்டினாள். காய்ந்த பஞ்சு. சீழ் இல்லை, ஈரம் இல்லை. உள்ளங்காலில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். அன்று நான் பாயாசம் வைத்தேன். மாமாவுக்குச் சீனி போடாமல்தான்!

இப்போது அகலமான, உள்ளே மெத்தென்ற, தையல் உறுத்தாத சப்பாத்து. போடுவதற்கு முன் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் போடமாட்டார். டாக்டர் அனுமதித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டினார். மாசா மாசம் தோட்டத்துக் கிளினிக்குக்கும் போகிறோம். இப்போது உத்தரவு போடுவதற்கு முன் தன் மேஸைத்தான் முதலில் கழற்றுகிறார். பேச்சியம்மாள் அதை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் தன் செருப்பைக் கழற்றுகிறார்! போன ஞாயிறு நாங்கள் ஏற்றம் ஏறியதும் அங்கே போகத்தான்.

தீபாவளியன்று வழக்கம்போல மாமா காலில் விழுந்தேன். வருஷா வருஷம் விழுவதுதான். மனசுக்குள் எதையோ வேண்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு விழுந்து எழுவேன். அவர் தலையில் கை வைப்பார். இந்தத் தடவை கை வரவில்லை. குரல்தான் வந்தது.

"விழுந்ததுதான் விழுந்த தாயி... அந்தப் பெருவெரலுக்கு அடியில எப்பிடி இருக்குன்னு பாத்துச் சொல்லிட்டு எந்திரி."

பார்த்தேன். நன்றாக இருந்தது.

பெரியவர்கள் காலில் விழுகிற பழக்கம் நல்ல பழக்கம்தான்... இனி கண்ணைத் திறந்துகொண்டு விழுவோம்!